சுணங்கி நம்பிய தீ

எங்கள் லேபில் பேச்சியக்கா எனக்கு மட்டும் அரை கிளாஸ் டீதான் தருவார். கஞ்சத்தனம் இல்லை. மற்ற எல்லோருக்கும் ததும்பத் ததும்ப ஊற்றுகிறவர், என் முறை வரும்போது பாதியில் நிறுத்தி, ஜன்னல் பக்கம் பார்த்தபடி நீட்டுவார். என் கை நடுங்குவதை அவர் பார்க்கவில்லையாம். அவர் பார்க்காமலிருப்பதை நான் கவனிக்கவில்லையாம். இரண்டு வருடமாக எங்களுக்குள் இப்படி ஓர் ஏற்பாடு.

என் நோய்க்கு டாக்டர்கள் ஒரு முழ நீளத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் விரல் நடுங்கும், பிறகு தொண்டை அடைக்கும், கடைசியில் மூச்சு. எனக்கு அப்போது விரலோடு நின்றிருந்தது. நான் வேதியியல்காரி. மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கை அளந்து பிழைக்கிறவளுக்குப் போயும் போயும் விரலிலா வரவேண்டும் என்று ஆண்டவரோடு பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். அவர் பதில் சொன்னதில்லை.

மருந்தே இல்லாத நோய் என்றால் மனது ஒருவழியாக அடங்கிவிடும். இதற்கு மருந்து இருந்தது. சுணங்கி என்று ஒரு குத்துச்செடி. இடுப்புயரம் வளரவே பத்து வருடம் எடுத்துக்கொள்ளும் என்பதால் மலைக்காரர்கள் வைத்த பெயர். அதன் இலையில் இருக்கும் ஒரு சத்து நடுக்கத்தை அப்படியே நிறுத்திவிடும். உலகத்தின் கடைசிச் சுணங்கி, போடிக்கு மேற்கே, மின்னல் விழுந்து எரிந்துபோன ஒரு சரிவின் ஓரத்தில், ஒரு சித்திரை மாதம் கிடைத்தது. அதைக் கொண்டுவந்தவர் டாக்டர் கோவர்த்தனன். மலையடிவாரத்தில் வாழைக்கன்று உற்பத்தி செய்துகொண்டிருந்த திசு வளர்ப்பு லேப் அவருடையது. நான் அங்கே தரப் பரிசோதனைக்குச் சேர்ந்ததே மருந்துக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்ற சுயநலத்தில்தான்.

சேர்ந்த அன்று டாக்டர் ஒரு கண்ணாடிக் குடுவையைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஜெல்லி, அதன்மேல் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பச்சைக் குருத்து.

“ஒரு கணு போதும் எஸ்தர். வெட்டி, சுத்தப்படுத்தி, சர்க்கரையும் உப்பும் ஹார்மோனும் கலந்த இந்த ஜெல்லியில நட்டா நாலு வாரத்துல அஞ்சு குருத்து. அஞ்சையும் வெட்டினா இருபத்தஞ்சு. ஒரு வருஷத்துல எவ்வளவு வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.”

“தாய்ச்செடி என்னாச்சு டாக்டர்?”

“போன வருஷமே காஞ்சிருச்சு. கவலையே இல்ல, அதுதான் இங்க இருக்கே.” கல்ச்சர் ரூமைக் கையால் வளைத்துக் காட்டினார். அடுக்கடுக்காக இரும்பு ரேக்குகள், வெள்ளை வெளிச்சம், ஆயிரக்கணக்கான குடுவைகள். “எல்லாம் அதே செடி. ஒரு மரபணுகூட மாறல. இப்ப சொல்லுங்க, இது ஒரு செடியா, அம்பதாயிரம் செடியா?”

தெரியவில்லை என்றேன். தனக்கும் தெரியாது என்று சிரித்தார். இந்தக் கேள்வி என்றாவது ஒருநாள் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் என்று அன்று தோன்றவில்லை.

செடிகள் ஜோராக வளர்ந்தன. சுணங்கி என்று பெயர் வைத்தவர்கள் பார்த்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். ஒரே ஒரு குறை, இலையில் மருந்து இல்லை. இலையை அரைத்து, வடித்து, இயந்திரத்தில் விட்டால் திரையில் ஒரு கோடு வரும். மருந்து இருந்தால் கோடு ஓரிடத்தில் மேடுபோல எழும். தாய்ச்செடியின் இலையில் அப்படித்தான் எழுந்தது. குடுவைச் செடிகளின் கோடு மொசைக் தரை மாதிரி கிடந்தது. முதல் தொகுதியிலிருந்து நாற்பதாவது தொகுதிவரை அப்படித்தான். வேதியியல்காரர்கள் மருந்தைச் செயற்கையாகச் செய்து பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். தாய்ச்செடியின் இலையிலிருந்து எடுத்துவைத்த சாறு, நோய் முற்றாமல் இருக்க மட்டும் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால், நான் உட்பட முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பங்குனிவரை வரும். அதற்குப் பிறகு எங்கள் விரல், எங்கள் பாடு.

ஐப்பசியில் ஒருநாள் நாற்பத்தொன்றாம் தொகுதியை இயந்திரத்தில் விட்டேன். கோடு எழுந்தது. தாய்ச்செடியில் பார்த்ததைவிட உயரமாக.

என் கையை நான் நம்புவதில்லை. மூன்று தரம் திருப்பிச் செய்தேன், மூன்று தரமும் அதே உயரம். டாக்டர் ஓடிவந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாரமே நாற்பத்திரண்டைப் பார்த்தோம். மறுபடி மொசைக் தரை.

அதே ஜெல்லி, அதே தண்ணீர், அதே வெளிச்சம். நாற்பத்தொன்றுக்கு மட்டும் என்ன நடந்தது? டாக்டர் பத்து நாள் ஹார்மோன் கணக்கைப் புரட்டினார். எனக்கு வேறு புத்தி. வீட்டில் பால் குறைந்தால் முதலில் பூனையைத் தேடுகிற ஜாதி நான். கல்ச்சர் ரூமுக்குள் யார் போனார்கள், எப்போது போனார்கள் என்று காற்றுப் பதிவேட்டை எடுத்தேன். அந்த அறையில் கரியமில வாயுவை நிமிடத்துக்கு நிமிடம் அளக்கும் கருவி உண்டு. மாதம் முழுவதும் சமமாகப் போன எண், ஒரேயொரு நாள் காலை பதினொன்று இருபதுக்குக் குபுக்கென்று ஏறி, இருபது நிமிடத்தில் இறங்கியிருந்தது.

அன்று ஆயுத பூஜை.

கல்ச்சர் ரூமுக்குப் போய்க் கதவோரமிருந்த மூன்றாம் ரேக்கைப் பார்த்தேன். நாற்பத்தொன்றாம் தொகுதி இருந்த இடம். இரும்புக் காலின் உட்பக்கத்தில், குனிந்தால் மட்டும் தெரிகிற உயரத்தில், சந்தனம் வைத்து அதன் நடுவில் குங்குமம். பொட்டு அவ்வளவு வட்டமாக வைக்கத் தெரிந்த ஆள் எங்கள் லேபில் ஒருவர்தான்.

சங்கடம் என்னவென்றால், எங்கள் லேபில் கல்ச்சர் ரூம் என்பது கருவறை மாதிரி. குளித்து, உடை மாற்றி, கையில் ஸ்பிரிட் தடவிக்கொண்டுதான் போகவேண்டும். மல்லிகைப் பூவோடு உள்ளே போனதற்காக ஒரு பெண்ணை டாக்டர் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். பூவில் இருந்த இலைப்பேன் பரவி ஆறாயிரம் குடுவை பூசணம் பிடித்தது உண்மை. பூவுக்கே அப்படியென்றால் நெருப்புக்கு?

முத்துப்பேச்சி என்பது பேச்சியக்காவின் முழுப் பெயர். கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து குருத்து வெட்டி நடும் பதினான்கு பெண்களில் மூத்தவர். அவர் நடும் குடுவையில் நூற்றுக்கு ஒன்றுகூடப் பூசணம் பிடிக்காது. நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அக்கா, ஆயுத பூஜை அன்னிக்கு உள்ள போனீங்களா?”

“எங்க?”

“கல்ச்சர் ரூமுக்குள்ள.”

“ஆத்தி! நான் எதுக்குப் போறேன்? பூசை எல்லாம் வராந்தாவுலதான நடந்துச்சு.” கத்தியை ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். தேவையில்லாமல் மறுபடியும் காட்டினார்.

“மூணாம் ரேக்குல பொட்டு இருக்கு.”

அக்கா அடுத்த குருத்தை எடுத்தார். நான் என் வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு வருட ஏற்பாட்டை நானே முறித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. மற்ற முன்னூற்றுப் பதினோரு பேரை முன்னால் வைத்துக் கேட்டிருக்கலாம். அவர்கள் எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தார்கள்.

“அந்த ஒரு தொகுதியில மட்டும் மருந்து வந்திருக்குக்கா. என்ன பண்ணீங்கன்னு தெரிஞ்சா...”

அக்கா என் கையையே பார்த்தார். “குடுவை அவிக்கிற ஆட்டோகிளேவுக்குப் பொட்டு வச்சோம், ஜெனரேட்டருக்கு வச்சோம், டாக்டர் காருக்கு எலுமிச்சம்பழம் வச்சோம். எனக்குச் சோறு போடுற புள்ளைக அம்புட்டும் உள்ள கெடக்கு. அதுகளுக்கு ஒரு பொட்டு வச்சுப் பொகை காட்டலைன்னா மனசு கேக்குமா மேடம்? தூபக்கால்ல கொட்டாங்குச்சிக் கங்கு போட்டு, சாம்பிராணி தூவி, ஒரு சுத்துக் காட்டிட்டு வந்துட்டேன். மூணாம் ரேக்குக்கிட்ட வாறப்பத்தான் இருமல் வந்து கொஞ்ச நேரம் நின்னுட்டேன்.”

டாக்டரிடம் நான் சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்று மனதுக்குள் நான் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தபோதே அக்கா எழுந்து, முகமூடியைக் கழற்றி, நேராக அவர் அறைக்குப் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன்.

டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தோம். அவர் கேட்டுவிட்டு தலையைச் சொறிந்தார்.

“மூணு வருஷமா நான் தேடினது ஒரு தூபக்கால்லயா இருந்துச்சு!” பிறகு என்னைப் பார்த்தார். “எஸ்தர், மருந்துங்கிறது நமக்குத்தான். செடிக்கு அது கேடயம். இது இருந்த சரிவு முன்னெல்லாம் கோடைக்குக் கோடை எரியும். புகை வாசனை பட்டதும் வேரையும் தண்டையும் காப்பாத்திக்க இந்தச் சத்தை அவசரமா செஞ்சுக்கும். பழைய குறிப்புல எல்லாம் பங்குனி, சித்திரையில பறிச்ச இலைன்னுதான் இருக்கு. வெயிலுக்காகச் சொல்றாங்கன்னு நினைச்சேன், நான் ஒரு மடையன். இப்பத்தான் ட்ரோன் வந்து அரை மணி நேரத்துல தீயை அணைச்சிருதே. காட்டுச் செடியே மறந்திருக்கும். நம்ம குடுவையில வளர்றது எதைக் கண்டுச்சு? சர்க்கரை இருக்கு, வெளிச்சம் இருக்கு, ஒரு எறும்பு கடிச்சதில்ல. சொகுசா இருக்கறவன் எதுக்குக் கேடயம் செய்வான்?”

“தெனமும் ஸ்பிரிட் வெளக்குப் பக்கத்துலதான சார் வெட்டுறோம்?” என்றார் அக்கா.

“ஸ்பிரிட் தீ புகையாதே முத்துப்பேச்சி.”

வேலை போகவில்லை. புகைக்குப் பொறுப்பாளர் என்று ஒரு பதவியே வந்தது. சாம்பிராணியில் விஷயமில்லை, கொட்டாங்குச்சியின் அரைகுறைப் புகையில்தான் இருக்கிறது என்று நாலைந்து சோதனையில் தெரிந்தது. குடுவை மூடியில் செடி மூச்சுவிட ஒரு சல்லடைக் காகிதம் உண்டு. புகையைப் பூசணம் இல்லாமல் வடிகட்டி அதன் வழியாக உள்ளே அனுப்பினோம். கார்த்திகையில் எல்லோருக்கும் முதல் மருந்து போனது. தையில் எனக்கு முக்கால் கிளாஸ் டீ. மாசி முடிவில் முழு கிளாஸ். அன்று அக்கா ஜன்னலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்து ஊற்றினார். எங்கோ திருச்சியில் ஒரு தவில்காரர் மறுபடி வாசிக்க ஆரம்பித்துவிட்டதாகக் கடிதம் வந்தது. நான் லேப் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வைகாசியில் கோடு தாழத் தொடங்கியது. முதலில் பாதி, பிறகு கால். புகையைக் கூட்டினோம், பலனில்லை. ஆனியில் மொசைக் தரை. கையிருப்பு மருந்து இன்னும் சில மாதங்களுக்குத்தான். புகையையே பார்த்திராத புதுக் குருத்துகூட எழும்பவில்லை. அது எங்கிருந்து வெட்டியது என்று பார்த்தால், பத்துத் தடவை புகை பட்ட பழைய செடியிலிருந்து. உலகத்திலிருக்கும் சுணங்கி மொத்தமும் எங்கள் ரூமில் இருந்தது, எல்லாமே புகை பட்டது அல்லது புகை பட்டதன் வெட்டு.

“என்னதான் ஆச்சு இதுக்கு?” என்றார் டாக்டர்.

“என்ன சார் ஆகும்?” என்றார் அக்கா. “பொகை வந்துச்சு, தீ வரல. மறுக்காப் பொகை வந்துச்சு, அப்பவும் தீ வரல. எத்தன தடவதான் ஏமாறும்? புலி வருது புலி வருதுன்னா எவன் நம்புவான்?”

டாக்டர் சிரிக்கவில்லை. எனக்கும் அது சிரிப்பாகப் படவில்லை. மூளையில்லாத, நரம்பில்லாத ஒரு பச்சைக் குருத்து எங்கள் புளுகைக் கண்டுபிடித்து, அதைத் தன் குட்டிகளுக்கும் சொல்லியிருக்கிறது. எவ்வளவு அழகான விஷயம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆர்வம் என்பது பொல்லாத வஸ்து. யோசிப்பதற்குள் வாயைத் திறந்துவிடும்.

“பொய்ப் புகையைத்தான நம்பல டாக்டர்? பக்கத்துல இருக்கற சுணங்கியே எரிஞ்சா?”

கேட்டது நான்தான். வேறு யார்மேலும் பழி போட வழியில்லை.

காய்ந்த இலையை எரித்துப் பார்த்தோம், நம்பவில்லை. செத்த செடியை எரித்தோம், அதையும் நம்பவில்லை. டாக்டர் பத்துக் குருத்தைக் குடுவையிலிருந்து உயிரோடு எடுத்து, பச்சையாகத் தீயில் காட்டி, அந்தப் புகையை இருநூறு குடுவைகளுக்கு அனுப்பினார். மூன்று வாரம் கழித்து எழுந்த கோடு திரையின் மேல்விளிம்பை முட்டியது. ஆயிரத்துக்கு நாற்பது எரித்தால் போதும் என்று கணக்கு வந்தது. இது பழகிப்போகுமா என்றும் பார்த்தோம். பழகவில்லை. நிஜத் தீ ஒவ்வொரு முறையும் நிஜமாகவே இருந்தது.

“அப்ப இனிமே வாரத்துக்கு ஒரு தடவை நாப்பது,” என்றார் டாக்டர். “முத்துப்பேச்சி, நீங்கதான் பாத்துக்கணும்.”

“என்னால ஆகாது சார்.”

“இதுல என்ன இருக்கு? எஸ்தர்கிட்ட அன்னிக்கே சொன்னேன், எல்லாம் ஒரே செடி. நாப்பதை எரிக்கிறது நகம் வெட்டற மாதிரி.”

அக்கா தன் விரல் நகங்களைப் பார்த்தார். “நகத்த வெட்டுனா கை பயப்படுதா சார்?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன்.

“ஒண்ணு எரியறது இன்னொண்ணுக்குத் தெரியுதுன்னா அது ஒரே செடியா எப்படி இருக்கும்? எனக்குப் படிப்பு இல்ல, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஆனா என் கையால நட்டத என் கையால தீயில போட மாட்டேன். என்னையப் பாட்டில் கழுவுற எடத்துல போட்டுருங்க.” எழுந்து போகும்போது என் பக்கம் திரும்பினார். “மருந்து வேணும் மேடம். வேண்டாம்னு நான் சொல்லல. ஒங்களுக்கு வேணும்னு எனக்குத் தெரியாதா? என்னால முடியாது, அம்புட்டுத்தேன்.”

முதல் வாரம் டாக்டரே எரித்தார். இரண்டாவது வாரம் அவருக்குச் சென்னையில் ஏதோ கூட்டம்.

“நீங்க பண்ணிருங்க எஸ்தர்,” என்றார் போனில். “உங்க கைதான் இப்ப நல்லா இருக்குல்ல?”

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால், பேச்சியக்கா உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதல் குடுவையைத் திறந்து, இடுக்கியால் குருத்தை எடுத்தேன். வேரில் ஜெல்லி ஒட்டியிருந்தது. உலகத்தில் ஒரு தூசியைக்கூடப் பார்த்திராத நாலு இலை. விளக்கில் காட்டினேன். பச்சை சுலபத்தில் பற்றாது. முதலில் ஒரு சீறல், பிறகு இலை உள்நோக்கிச் சுருண்டது, அதன் பிறகுதான் புகை. ஊறப்போட்ட பயறு கருகுவது மாதிரி ஒரு வாசனை. புகை குழாய் வழியாகப் பக்கத்து அறைக்குப் போனது. அங்கே ஆயிரம் குடுவைகள் அதை நம்பத் தொடங்கியிருக்கும்.

இரண்டாவது, மூன்றாவது. ஏழாவதில் நிறுத்திவிட்டு என் தொண்டையை நினைத்தேன், மூச்சை நினைத்தேன், அந்தத் தவில்காரரின் கடிதத்தை நினைத்தேன். தொடர்ந்தேன். இருபதாவது குருத்தைத் தீயில் பிடித்தபோது எனக்குள் இருந்த அந்தப் பாழாய்ப்போன ஆர்வம் தலையெடுத்தது. கை எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். இடுக்கியின் நுனி சுவரில் அடித்த ஆணி போல நின்றது. கூண்டின் கண்ணாடியில் என் நிழல் ஆடவில்லை. மனது பதறிக்கொண்டிருந்தது, கைக்கு அந்தச் செய்தி போய்ச்சேரவே இல்லை. அந்த மருந்து அவ்வளவு நல்ல மருந்து. எனக்குப் பயமாக இருந்தது.

நாற்பதையும் முடித்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். பதினொரு மணி டீ. பேச்சியக்கா கழுவுமிடத்திலிருந்து ஈரக் கையோடு வந்து, விளிம்புவரை ஊற்றி, என்னிடம் நீட்டினார். நான் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்று என் கையைப் பார்த்தார்.

“ஒரு சொட்டுக்கூடச் சிந்தலையே மேடம்,” என்றார்.

“இல்லக்கா.”

“நாப்பதும் முடிச்சுட்டீகளா?”

“முடிச்சாச்சு.”

காலி கிளாஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கோபமில்லை, குரலில் ஒரு மாற்றமும் இல்லை. என் சாப்பாட்டு டப்பாவில் வழக்கம்போல மதியம் இரண்டு மோர் மிளகாய் வைத்தார்.

மறுநாள் டீ வந்தபோது மற்றவர்களுக்குத் ததும்ப ஊற்றினார். என் முறை வந்ததும் பாதியில் நிறுத்தி, ஜன்னல் பக்கம் பார்த்தபடி நீட்டினார். அன்றிலிருந்து அரை கிளாஸ்தான். என் கை நடுங்குவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நடுங்கியிருக்க வேண்டிய கை என்பதும் தெரியும். வாரத்துக்கு நாற்பது எரிக்கிறேன். முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். முழு கிளாஸ் வேண்டுமென்று நான் இன்றுவரை கேட்கவில்லை.